தோட்டத்து மாதிரி ரயிலுக்கு எந்த உலோகத் தண்டவாளம் தரமானது?

இங்கிலாந்தில் உங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில், இரு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மி.மீ. அகலத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் சுற்றளவுள்ள வளையப் பாதை ஒன்று போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதை ஆண்டு முழுவதும் வெளியிலேயே கிடக்கும், தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் கொடுத்து வார இறுதிகளில் வண்டி ஓட்டுவீர்கள் என்பதும் தெரிகிறது. பித்தளை, நிக்கல் முலாம் பூசிய பித்தளை, நிக்கல் சில்வர், துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகிய ஐந்தில் எது தரமானது என்று கேட்கிறீர்கள். உங்கள் தேவைக்குக் கெட்டியான பித்தளைத் தண்டவாளமே போதும் என்பது என் முடிவு. ஆனால் எந்த உலோகம் என்று யோசிப்பதைவிடக் கூடுதலாக, தண்டவாளத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதும் அந்த முடிவின் பகுதிதான். அதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் எந்தத் தண்டவாளம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது அதைச் சார்ந்தது. 45 மி.மீ. அகலப் பாதை ஒரே ஒரு மாதிரி அளவுக்கு மட்டும் உரியதன்று. 1:32 அளவில் அது 1435 மி.மீ. அகலமுள்ள பிரதான பாதையைக் குறிக்கும், 1:22.5 அளவில் மீட்டர் கேஜ் பாதையைக் குறிக்கும். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயும் நம் நீலகிரி மலை ரயிலும் ஓடுவது இந்த மீட்டர் கேஜில்தான். இந்த இரண்டாவது அளவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது நூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம். 1968-இல் அது எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட பாதையின் தண்டவாளம் கெட்டிப் பித்தளையால் ஆனது. லேமன் நிறுவனம் 2006-இல் நொடித்துப்போய், அடுத்த ஆண்டே மெர்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறியபோதும், அந்தத் தண்டவாளத்தின் அடிப்படை வடிவம் மாறவில்லை. பழைய பாதைத் துண்டையும் புதிய துண்டையும் இன்றும் சேர்த்துப் போட முடிகிறது என்பதே, பழைய பொருள் வாங்க நினைப்பவருக்குப் பித்தளையை நோக்கி இழுக்கும் முதல் காரணம்.

தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ‘கோட்’ எண்ணாகச் சொல்வார்கள். எல்.ஜி.பி., பீக்கோ எனத் தோட்ட ரயிலில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விற்பது கோட் 332, அதாவது 8.43 மி.மீ. உயரம். இங்கே பீக்கோ என்று நான் சொல்வது ஜெர்மனியின் ஸொன்னெபெர்க் நகரத்து நிறுவனத்தை. ஏறக்குறைய அதே பெயருடைய, இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள பெக்கோ வேறு நிறுவனம். அது 45 மி.மீ. பாதைக்குக் கோட் 250 உயரமுள்ள நிக்கல் சில்வர் தண்டவாளத்தைத் தருகிறது. கோட் 250 என்றால் 6.35 மி.மீ. இதற்கும் தாழ்வாகக் கோட் 215, கோட் 200 ஆகியவையும் கிடைக்கின்றன.

தோற்றத்தை மட்டும் பார்த்தால் கோட் 332 மிக உயரமானது. 8.43 மி.மீ.-ஐ 22.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 190 மி.மீ. வரும், ஐரோப்பாவின் கனரகப் பிரதான பாதைகளில் போடப்படும் யு.ஐ.சி. 60 வகைத் தண்டவாளமே 172 மி.மீ.தான். ஒரு சிறிய மலை ரயிலின் மாதிரி, உலகின் கனமான தண்டவாளங்களை மிஞ்சிய ஒன்றின்மீது ஓடுவது, நுணுக்கம் பார்ப்பவர் கண்ணை உறுத்தத்தான் செய்யும். கோட் 250 அதே அளவில் 143 மி.மீ. ஆகி, நிஜத்துக்கு நன்றாக நெருங்கி வருகிறது. ஆனால் தோட்டத்தில் நாய் ஓடும், பந்து விழும், புல் வெட்டுபவர் தெரியாமல் மிதிப்பார். கெட்டியான கோட் 332 பித்தளை, கீழே உறுதியான தளம் இருந்தால், இவை எல்லாவற்றையும் தாங்கும். அந்தத் தாங்கும் திறனுக்காகத்தான் உயரத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

உயரம் குறைந்தால் உலோகத்தின் அளவும் விரைவாகக் குறைகிறது. வடிவம் மாறாமல் சிறுத்தால், கோட் 250-இன் குறுக்குவெட்டுப் பரப்பு கோட் 332-இன் பரப்பில் 57 சதவீதம்தான் இருக்கும். விலை குறைவதற்கும், மின்தடை கூடுவதற்கும், மிதித்தால் வளைவதற்கும் அடிப்படை இந்த ஒரே கணக்குதான். ஆகவே இரண்டு தண்டவாளங்களின் விலையை ஒப்பிடும்போது அவற்றின் கோட் எண் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒப்பீட்டால் பயனில்லை.

இனி மின்கடத்தும் திறன். தாமிரத்தை 100 என்று வைத்தால், தண்டவாளத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் 50-ஐ ஒட்டி வரும்; 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை 28; தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர், அதில் நிக்கல் 18 சதவீதம் இருக்கும்போது, 6; சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு 2-க்குச் சற்று மேல். இந்த எண்களைப் பார்த்ததும் நிக்கல் சில்வரும் எஃகும் தண்டவாளத்துக்கே லாயக்கற்றவை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் பாதைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியான முடிவன்று என்பது புரியும்.

தண்டவாளத்தின் குறுக்குவெட்டு 20 சதுர மி.மீ. என்று எல்லா உலோகங்களுக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் வளையத்துக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால், அங்கிருந்து மிகத் தொலைவான புள்ளி 15 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே மின்சாரம் இரு பக்கமாகவும் வந்து சேரும். அந்தப் புள்ளியில் ஓர் எஞ்சினும் விளக்கெரியும் பெட்டிகளும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுக்கின்றன என்றால், பித்தளையில் ஏறத்தாழ 0.14 வோல்ட் இழப்பு ஏற்படும். அலுமினியத்தில் அதில் பாதி. நிக்கல் சில்வரில் 0.65 வோல்ட், துருப்பிடிக்காத எஃகில் 1.6 வோல்ட். தோட்ட ரயிலுக்கு நாம் கொடுப்பது 18 முதல் 24 வோல்ட் வரை. அதில் ஒன்றரை வோல்ட் குறைந்தால் வண்டி சற்றே மெதுவாக ஓடுமே தவிர நின்றுபோகாது. வளையத்தின் எதிர்ப்புறத்தில் இன்னோர் இடத்திலும் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்துவிட்டால், எஃகின் இழப்பும் பாதியாகி, ஏறத்தாழ 0.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

இதே பாதையை 300 மி.மீ. நீளமுள்ள சாதாரணத் துண்டுகளால் போட்டால் ஒவ்வொரு பக்கத் தண்டவாளத்திலும் 100 இணைப்புகள், இரண்டிலும் சேர்த்து 200 இணைப்புகள் வரும். துண்டுகளைக் கோக்கும் மெல்லிய தகட்டு ஜாயினர், புதிதாக இருக்கும்போது அநேகமாகத் தடையே இல்லாமல் கடத்தும். ஓர் ஆண்டு மழை நனைத்து, உள்ளே மண்ணும் களிம்பும் சேர்ந்துவிட்டால், ஓர் இணைப்பு மட்டுமே பத்தில் ஒரு பங்கு ஓம் தடை காட்டுவது அரிதன்று. 3 ஆம்பியர் ஓடும்போது அப்படிப்பட்ட ஓர் இணைப்பில் இழப்பது 0.3 வோல்ட். மின்சாரம் வரும் வழியில் அப்படிப் பத்து இணைப்புகள் அடுத்தடுத்து அமைந்துவிட்டால் 3 வோல்ட் போய்விடும். பித்தளைக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள மொத்த வேறுபாட்டைவிட இது இரு மடங்கு. “பாதை பழசாகிவிட்டது, பித்தளை சரியில்லை” என்று சொல்லித் தண்டவாளத்தையே மாற்றியவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர்கள் மாற்றியிருக்க வேண்டியது இணைப்புகளை மட்டும்தான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இணைப்புகளின் எண்ணிக்கையையே குறைப்பது. எல்.ஜி.பி. நேர்த்துண்டுகள் 1.2 மீட்டர் நீளத்திலும் கிடைக்கின்றன. பாதை முழுவதும் அந்த நீளத்தில் போட முடிந்தால் 200 இணைப்புகள் 50 ஆகக் குறையும். வளைவுகளில், வளைக்கத்தக்க நீளத் தண்டவாளத்தை வாங்கி, உருளைகள் கொண்ட வளைப்பான் கருவியால் நீங்களே வளைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தகட்டு ஜாயினருக்குப் பதிலாகத் திருகு போட்டு இறுக்கும் கிளாம்ப். ஜெர்மனியின் மாசோத், அமெரிக்காவின் ஸ்ப்ளிட் ஜா, ஹில்மன் ஆகிய பெயர்களில் இவை விற்கப்படுகின்றன. தண்டவாளத்தின் அடிப்பகுதியை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பதால் ஈரம் உள்ளே புக இடமிருக்காது, தேவைப்பட்டால் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் கழற்றி எடுக்கவும் முடியும். மூன்றாவது, தகட்டு ஜாயினரையே வைத்துக்கொண்டு, கிராஃபைட் பசை தடவி, ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் ஒரு சிறு செம்புக் கம்பியைப் பற்றவைத்துவிடுவது. செலவு மிகக் குறைந்த வழி இது, உழைப்பு மிக அதிகமான வழியும் இதுதான். கெட்டிப் பித்தளை சூட்டை விரைவாக இழுத்துக்கொண்டுவிடும். சிறிய சால்டரிங் அயனை வைத்து நெடுநேரம் சூடாக்கினால் ஈயம் உருகுவதற்குள் கீழே உள்ள பிளாஸ்டிக் உருகிவிடும். 100 வாட்டோ அதற்கு மேலோ உள்ள அயனால் சட்டென்று வேலையை முடிக்க வேண்டும்.

மெல்லிய பித்தளை ஜாயினர்கள் சில ஆண்டுகளில் நீளவாக்கில் விரிசல் விடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைக் குறை சொல்வதுண்டு, ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. வளைத்து உருவாக்கிய பித்தளைத் தகட்டுக்குள் ஓர் இழுவிசை தங்கியிருக்கும். அதோடு ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் உலோகம் தானாகவே பிளக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தின்போது குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டாக்கள் இப்படித்தான் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. தோட்டத்தில் அம்மோனிய உரமும் தொழு எருவும் பூனை மூத்திரமும் அதே வேலையைச் செய்யும். கனமான தண்டவாளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, மெல்லிய ஜாயினருக்குத்தான். ரோஜாச் செடிகளுக்கு அருகில் பாதை போவதாக இருந்தால், அந்தப் பகுதிக்காவது கிளாம்ப் போடுங்கள்.

பித்தளை மீது எழும் பெரிய குறை அது கறுக்கும் என்பது. வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிவைத்த சில நாள்களிலேயே மங்கத் தொடங்குவதைப்போல, பித்தளைத் தண்டவாளத்தின் தலைப்பகுதியும் காற்றும் ஈரமும் பட்டுப் பழுப்பேறும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மின்சாரம் தாவும்போது எழும் சிறு பொறிகள் அதைக் கரிய படலமாக்கும். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாக விடாது. விளக்கைப்போல் இதையும் புளி தேய்த்துப் பளபளப்பாக்கலாமே என்று நினைக்க வேண்டாம். இண்டு இடுக்குகளில் தங்கும் அமிலமும் உப்பும் மீண்டும் விரைவாகக் களிம்பேற வைக்கும். நீண்ட கழியின் முனையில் மாட்டிய, பெயின்ட் வேலைக்காரர்கள் சுவர் தேய்க்கும் பட்டையில், வயர்மெஷ் போன்ற நைலான் தேய்ப்புத் துணியைப் பொருத்தி, நடந்துகொண்டே ஒரு சுற்றுத் தேய்ப்பது போதும். 30 மீட்டர் பாதைக்கு அது சிறிது நேர வேலைதான். முரட்டு உப்புத்தாள் கூடாது. அது விடும் கீறல்களுக்குள் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

பித்தளைப் பாதை ஓட ஓடச் சுத்தமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்.ஜி.பி. எஞ்சின்கள் பலவற்றில் சக்கரங்களோடு கூடவே, தண்டவாளத்தின்மீது உரசிக்கொண்டு செல்லும் உலோகக் காலணிகள் இருக்கும். வாரந்தோறும் வண்டி ஓடினால் அவையே தலைப்பகுதியைத் தேய்த்து வைத்துக்கொள்ளும். நெடுநாள் ஓட்டாமல் விட்டுவிட்டு, ஒரு நாள் விருந்தினர் வந்ததும் ஓட்ட முயல்பவருக்குத்தான் பித்தளை ஏமாற்றம் தரும். நீங்கள் வார இறுதிதோறும் ஓட்டுவதாகச் சொன்னதால்தான் பித்தளையை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் விடுபவருக்கும், மரத்தடியில் பாதை போடுபவருக்கும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை பொருந்தும். உள்ளே பித்தளையின் மின்கடத்தும் திறன், மேலே எளிதில் கறுக்காத நிக்கல் என்று இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஜெர்மனியின் ட்ரெயின்லைன்45, தீல் போன்ற தயாரிப்பாளர்கள் இதில் பெயர்பெற்றவர்கள். விலை கூடுதல். மேலும், முலாம் மெல்லியது என்பதை ஒருபோதும் மறக்கக்கூடாது. தேய்ப்புத் தாளோ, தண்டவாளத்தை அரைத்துச் சுத்தம் செய்யும் எஞ்சினோ அதன்மீது படவே கூடாது; ஒருமுறை முலாம் தேய்ந்துவிட்டால் அந்த இடம் வெறும் பித்தளைதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதே அதற்குரிய முறை. வளைவுகளின் வெளித் தண்டவாளத்தில் சக்கர விளிம்பு இடைவிடாமல் உரசும் என்பதால், 600 மி.மீ. ஆரமுள்ள மிகக் குறுகிய வளைவுகளில் முலாமுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நெடுநாள் நிற்காது.

மரத்தடி என்று சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இலைச் சாறு, பிசின், பறவை எச்சம், தண்டவாளத்தின்மீது ஊர்ந்து நசுங்கும் நத்தை, இவை எந்த உலோகத்தின்மீதும் படியும். துடைக்கவே வேண்டாத தண்டவாளம் என்று ஒன்று கிடையாது. நிக்கலும் எஃகும் தருவது, தேய்க்க வேண்டிய இடத்தில் துடைத்தால் போதும் என்ற வசதியை மட்டுமே.

நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. நிக்கல் தரும் வெண்மைதான் அது. முலாமைப்போல் மேலே மட்டும் இல்லாமல் உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் தேய்ந்தாலும் தன்மை மாறாது. பித்தளையைவிட மெதுவாக மங்கும், நன்றாகப் பற்றவைக்கலாம், பித்தளையைவிடச் சற்றுக் கடினமானது. கோட் 250 உயரத்தில், மெல்லிய ஸ்லீப்பர் கட்டைகளோடு, ஜல்லியில் பதித்து வைத்தால் எல்லாவற்றிலும் அழகான பாதை அதுவே என்பேன். ஆனால் பழைய பொம்மை ரயில்களின் சக்கர விளிம்பு ஆழமானது. தாழ்ந்த தண்டவாளத்தில் அது, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளில் தட்டிக்கொண்டே ஓடக்கூடும். வாங்கும் முன் உங்களிடமுள்ள வண்டிகளில் மிக ஆழமான விளிம்புள்ளதை எடுத்துச் சென்று ஒரு துண்டில் உருட்டிப் பாருங்கள்.

துருப்பிடிக்காத எஃகு மிகவும் கடினமானது, களிம்பு ஏறாதது, தேய்வு மிகக் குறைவானது. அமெரிக்காவில் அரிஸ்டோ-கிராஃப்ட் நிறுவனம் இதைக் கோட் 332 உயரத்தில், சிறு திருகுகளோடு கூடிய ஜாயினர்களுடன் விற்றுவந்தது. 2013-இன் இறுதியில் அந்த நிறுவனம் மூடப்பட்டதால், அந்தச் சரக்கு இப்போது பழைய பொருளாகவே கைமாறுகிறது. மின்தடை ஒரு தடையில்லை என்று மேலே காட்டினேன். உண்மையான சிரமம் அதை வெட்டுவதிலும் வளைப்பதிலும் இருக்கிறது. சாதாரண ரம்பத்தில் கை ஓய்ந்துபோகும், வெட்டுச் சக்கரம் வேண்டும். வளைத்தால் மீண்டும் நிமிரப் பார்க்கும். பற்றவைக்க அமிலப் பசை வேண்டும், வேலை முடிந்ததும் அதைக் கழுவியாக வேண்டும். ஆயத்தத் துண்டுகளை மட்டும் வைத்து, ஒருமுறை போட்டுவிட்டு மாற்றாமல் இருப்பவருக்கு இது சிறந்தது. அடிக்கடி பாதையின் வடிவத்தை மாற்ற ஆசைப்படுபவருக்கு வேண்டாம்.

அலுமினியத்தை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்கடத்தும் எண்ணில் முதலிடத்தில் இருக்கும் அதுவே, தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுப்பதற்கு ஐந்திலும் மோசமானது. காற்றுப் பட்ட நொடியிலேயே அதன்மேல் படியும் ஆக்சைடு படலம் கடினமானது, மின்சாரத்தைத் தடுப்பது. பொறி பறந்து தலைப்பகுதியில் குழிகள் விழும். அதோடு, பித்தளைக் கிளாம்ப்பும் அலுமினியமும் மழையில் சேர்ந்து நனைந்தால் அலுமினியம் அரிபடும். புதிய சிமெண்டின் காரமும் அதை அரிக்கும். பேட்டரியை எஞ்சினுக்குள் வைத்து வானலைக் கருவியால் ஓட்டுபவருக்கும், உண்மையான நீராவி எஞ்சின் வைத்திருப்பவருக்கும் இவை பொருட்டில்லை. அவர்களுக்கு விலை குறைந்த, கையாலேயே வளைக்கக்கூடிய கோட் 250 அலுமினியம் மிக நல்ல தேர்வு. நீராவி எஞ்சின் எப்படியும் தண்டவாளமெங்கும் எண்ணெயைத் தெளித்துக்கொண்டுதான் போகும், ஆகவே அங்கே மின்தொடர்பைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. என்றாவது பேட்டரிக்கு மாறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பாதை வாங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்யுங்கள்.

வெயிலில் நீளுவதில் இந்த உலோகங்களிடையே பெரிய வேறுபாடில்லை. குளிர்காலத்துக்கும் கோடை வெயிலுக்கும் இடையே தண்டவாளத்தின் சூடு 50 டிகிரி மாறுகிறது என்று கொண்டால், 10 மீட்டர் பித்தளை 9.5 மி.மீ. நீளும், நிக்கல் சில்வரும் எஃகும் 8 மி.மீ.-ஐ ஒட்டி, அலுமினியம் ஏறத்தாழ 12 மி.மீ. அந்த நீட்சி எங்காவது போயாக வேண்டும். பாதையைக் கான்கிரீட்டில் ஆணியடித்து இறுக்காமல் ஜல்லியில் மிதக்க விட்டால், வளைவுகள் பக்கவாட்டில் சற்று நகர்ந்து அதை ஏற்றுக்கொள்ளும். நீண்ட நேர்ப்பகுதியில் மட்டும் ஓர் இணைப்பைக் கிளாம்ப் போடாமல் வழுக்கும்படி விட்டு, அதன் குறுக்கே வளையும் கம்பி ஒன்றைப் பற்றவைத்துவிடுங்கள். பாதை போடும் நாள் குளிராக இருந்தால் அந்த இடைவெளியைத் தாராளமாக விடலாம். கடும் வெயிலாக இருந்தால் அநேகமாக ஒட்டியே வைக்க வேண்டும்.

தண்டவாளத்தைப் பற்றிப் பேசும்போது கட்டையை மறந்துவிடக்கூடாது. கெட்டிப் பித்தளை உங்களுக்குப் பிறகும் இருக்கும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை, புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாததாக இருந்தால், சில கோடைகளிலேயே வெளுத்து நொறுங்கத் தொடங்கும். கொக்கி உடைந்தால் அகலம் விரிந்து வண்டி கவிழும். பழைய பாதையை வாங்கும்போது முதலில் நகத்தால் கொக்கிகளை நெம்பிப் பாருங்கள். மாவுபோல் கையில் ஒட்டினால், தண்டவாளத்துக்கு மட்டுமே விலை பேசுங்கள். கட்டைகளைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, துண்டின் வெட்டு முனையைப் பாருங்கள். தொடக்கநிலைப் பெட்டிகளோடு வரும் சில பாதைகள், மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற தண்டவாளம் கொண்டவை. அவை வீட்டுக்குள் வைப்பதற்கே உரியவை, வெளியில் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காமல் துருப்பிடிக்கும். முனையில் உலோகம் கெட்டியாக இருக்க வேண்டும். மேலே வெள்ளையாகவும் முனையில் மஞ்சளாகவும் தெரிந்தால் முலாம் பூசியது. முழுக்க வெள்ளை என்றால் நிக்கல் சில்வர், எஃகு, அலுமினியம் ஆகியவற்றில் ஒன்று, அவற்றில் அலுமினியத்தைக் கையில் தூக்கியதுமே எடையால் தெரிந்துகொள்ளலாம். சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தகட்டு எஃகு உடனே பற்றிக்கொள்ளும், பித்தளை பற்றாது. வெர்னியர் காலிப்பரால் உயரத்தோடு அடிப்பகுதியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் ஒரே கோட் எண் இருந்தும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அந்த அகலம் சற்று மாறக்கூடும். கிளாம்ப் கவ்விப் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

ஆகவே உங்கள் 30 மீட்டருக்கு, கிடைக்கும் மிக நீளமான துண்டுகளில் கோட் 332 கெட்டிப் பித்தளையை வாங்குங்கள். இடம் இருக்கும்வரை வளைவுகளை 1.2 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வையுங்கள். நீளமான எஞ்சின்களுக்கும் தேய்வுக்கும் அது நல்லது. பணம் குறைவாக இருந்தால் முதல் ஆண்டில் பாதி இணைப்புகளுக்கு மட்டும், மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகிலுள்ளவற்றிலிருந்து தொடங்கி, கிளாம்ப் போடலாம். வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்களில், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியால், ஒரே தண்டவாளத்துக்கு ஒரே முனை போய்ச் சேருகிறதா என்று பார்த்து மின்சாரம் கொடுங்கள். எல்லாம் போட்டு முடித்ததும், ஜல்லி கொட்டுவதற்கு முன், கார் முகப்பு விளக்கு போன்ற 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாதையின் பல இடங்களில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே இணைத்து எரியவிட்டு, 12 வோல்ட் மட்டும் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் மல்ட்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசந்தத்தில் அதே இடங்களில் மீண்டும் அளந்தால், எண் எந்த இரண்டு இடங்களுக்கு இடையே திடீரென்று விழுகிறதோ, அங்கேதான் கெட்டுப்போன இணைப்பு இருக்கும்.